பிடி அரிசியும் 21ஆம் பிரிவும்

(திருத்தங்கல் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருத்தங்கல் மேடையில் நின்று ஊராரிடம் பேசியதை, இன்று ஞாயிற்றுக்கிழமைத் தாளை விரித்து அமர்ந்திருக்கும் உங்களிடமும் பேசுகிறேன். அங்கே கைதட்டல் கிடைத்தது. உங்களிடம் நான் கேட்பது கைதட்டலன்று. மாதத்தில் ஒரு பிற்பகல்! அது எதற்கென்று சொல்லத்தான் இத்தனை நீண்ட பேச்சு.

ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன். இக்கால வழக்கன்று; சிலப்பதிகாரத்திலே, மதுரைக் காண்டத்திலே, கட்டுரைக் காதையிலே வரும் வழக்கு. அது நடந்த ஊர் எது தெரியுமா? தங்கால்! இன்று திருத்தங்கல் என்று நாம் அழைக்கும் இதே ஊர்!

சேரநாடு சென்று, சொல்லால் வென்று, பரிசுப்பொருளோடு திரும்புகிறான் பராசரன் எனும் சோழநாட்டு அந்தணன். வழியிலே தங்காலில், அரசமரம் நிழல் தரும் மன்றத்தில் இளைப்பாறுகிறான். பிள்ளைகள் சூழ்ந்துகொள்கின்றனர். என்னோடு ஒப்ப ஓதுவோர்க்கு இம்மூட்டை பரிசு என்கிறான். வார்த்திகன் என்பானின் மகன், பால்மணம் மாறாத சிறுவன், மழலை மொழியிலே ஓதுகிறான், பிழையின்றி ஓதுகிறான்! முத்துப் பூணூலும், கடகமும், தோடும் பரிசாகப் பெறுகிறான்.

வீடு மகிழ்ந்தது. ஆனால், ஊரிலே சிலருக்குப் பொறுக்கவில்லை. அரசனின் ஏவலருக்கோ நம்ப மனம் இல்லை. இந்த வீட்டிலே பொன்னா? படித்துப் பெற்றதா? இருக்கவே இருக்காது, புதையலை எடுத்து ஒளித்துவிட்டான் என்று கூறி, தந்தையைச் சிறையிலே தள்ளினர். தாய் கார்த்திகை அழுதாள், புரண்டாள், புலம்பினாள். கொற்றவை கோயிற் கதவு திறக்க மறுத்தது என்கிறார் இளங்கோவடிகள். அந்த விந்தையை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், அதன் பின்னர் நடந்ததைக் கவனியுங்கள். பாண்டியன் விசாரித்தான், தவற்றை உணர்ந்தான், வார்த்திகனை விடுவித்தான், தங்காலோடு வயலூரையும் அவனுக்கு அளித்தான். அத்தோடு நின்றானா? இல்லை! புதைபொருளாயினும் பரிசுப்பொருளாயினும் பெற்றவருக்கே உரியது என்று முரசறைவித்தான். நாட்டின் விதியையே மாற்றினான்!

எண்ணிப் பாருங்கள். ஒரு குழந்தையின் கல்வி, ஒரு தாயின் கண்ணீர் — இரண்டும் சேர்ந்து ஒரு சட்டத்தைத் திருத்தின. அந்தத் திருத்தம் பிறந்த இடம் தங்கால்!

வேதம் ஓதியவன் மகன்தானே அன்று பரிசு பெற்றான், உழைப்பவன் வீட்டிலே அன்று கல்வி ஏது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கும் இந்த ஊரிலேயே விடை உண்டு. சங்கப் புலவர் வரிசையிலே ஒருவர் பெயர், தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார். உலைக்களத்திலே பொன்னை உருக்கியவர். ஓலையிலே தமிழை உருக்கி வார்த்தவர். உழைக்கும் கைக்கு எழுத்தாணி பொருந்தாது என்பவருக்கு, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இந்த ஊர் தந்த மறுப்பு அது!

பழம்பெருமை பேசிப் பொழுது போக்க நான் வரவில்லை. கல்வி யாருடையது, பள்ளி யாருக்குரியது என்ற கேள்விக்கு வருகிறேன்.

இங்கிருந்து கூப்பிடு தூரம்தான் விருதுநகர். அங்கே 1889ஆம் ஆண்டிலே சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. எழுப்பியவர் எவர்? அரசா? இல்லை. பெருநிலக்கிழாரா? அவருமல்லர். ஊரின் உறவின்முறை! வணிகர் தம் சரக்கின் மீது தாமே விதித்துக்கொண்ட மகமைப் பணமும், வீடுதோறும் உலை வைக்கும்போது எடுத்து வைத்த பிடி அரிசியும் அந்தப் பள்ளியைத் தாங்கின. அங்கே பயின்ற சிறுவன் ஒருவன், வறுமையின் காரணமாகப் பாதியிலே படிப்பை விட்டான். பின்னர் கோட்டைக்கே சென்று, 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக வீற்றிருந்தான். காமராசர்! நமக்கும் அவருக்கும் அரசியலில் ஆயிரம் மாறுபாடு இருந்திருக்கலாம். ஆயினும், தான் இழந்ததை ஊர்ப்பிள்ளைகள் இழக்கலாகாது என்று அவர் எண்ணியதை மறுக்க எந்த நாவுக்கும் துணிவு வராது.

1956இலே பள்ளியில் மதிய உணவு வந்தது. 1958 முதல், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. ஊர் கூடியது, ஒருவர் கரும்பலகை தந்தார், ஒருவர் பெஞ்சு தந்தார், ஒருவர் நிலமே தந்தார். அரசு ஆசிரியரைத் தந்தது. ஊர் பள்ளியைத் தாங்கியது. ஊரும் அரசும் ஒன்றுகூடிப் பள்ளியைப் புதுப்பித்த புதுமை அது.

போற்றுகிறேன், தலைவணங்கிப் போற்றுகிறேன். ஆனால், ஒன்று கேட்கிறேன். மகமை தந்தவர் கூடி முடிவெடுத்தார். நிலம் தந்தவரின் பெயர் கல்லிலே பொறிக்கப்பட்டது. பிடி அரிசி தந்தது யார்? அடுப்படியில் நின்ற தாய்! அவள் பெயர் எந்தக் கல்லிலே இருக்கிறது? எந்தக் கூட்டத்திலே அவளுக்கு இருக்கை போட்டார்கள்? அரிசி அவளுடையது, ஆட்சி மற்றவருடையது! கொடுத்தவர் ஆள்வது என்றுதான் அன்றைய விதி இருந்தது. அவள் கொடுத்தது மட்டும் கணக்கிலே ஏறவில்லை.

இந்த விதியை மாற்றியது ஒரு சட்டம். 2009 ஆகஸ்டு 4ஆம் நாள் மக்களவையில் நிறைவேறி, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம்! அதன் 21ஆம் பிரிவைப் படித்திருக்கிறீர்களா? படிக்காவிட்டால் இப்போது கேளுங்கள்.

அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப்படவேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர், அங்கே பயிலும் பிள்ளைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்கவேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு அவர்தம் அளவுக்கேற்ற இடம் வேண்டும். குழுவின் வேலை என்ன? விழாவிலே மாலை ஏற்பதா? அன்று! பள்ளி நடைபெறுவதைக் கண்காணிப்பது. பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தீட்டுவது. வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது. அதோடு, 22ஆம் பிரிவு சொல்கிறது: குழு தீட்டும் அந்தத் திட்டமே, அரசு பள்ளிக்கு நிதி ஒதுக்குவதற்கு அடிப்படை!

இதன் பொருள் விளங்குகிறதா, தோழர்களே? நிலம் தந்தாயா, பணம் தந்தாயா என்று இச்சட்டம் கேட்கவில்லை. உன் பிள்ளை இங்கே படிக்கிறதா? அப்படியானால் வா, உட்கார், கேள், முடிவெடு என்கிறது. கொடுத்தவருக்குரிய பள்ளி, குழந்தைக்குரிய பள்ளியாக மாறிற்று. பிடி அரிசி தந்த தாய்க்கு, நூறாண்டுக்கு மேல் கடந்து, 21ஆம் பிரிவு இருக்கை போட்டது!

அந்த இருக்கையிலே அவள் அமர்ந்தாளா? இங்கேதான் என் வழக்கு தொடங்குகிறது. இரண்டு தடைகள். ஒன்று, சட்டத்திலேயே வந்தது. மற்றொன்று, சட்டம் மறந்துவிட்டது.

முதல் தடையைப் பாருங்கள். 2009இலே பிறந்த சட்டம், 2012இலே திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்திலே நல்லதும் உண்டு. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் உரிமையை அது தெளிவாக்கியது. ஆனால், அதே திருத்தத்தில் ஒரு வரம்பும் நுழைந்தது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும், மற்ற எல்லா அரசு உதவி பெறும் பள்ளிகளிலும், இக்குழு ஆலோசனை மட்டுமே கூறும் என்றது. மேம்பாட்டுத் திட்டம் தீட்டும் கடமையிலிருந்தும் அப்பள்ளிகளின் குழுக்கள் விலக்கப்பட்டன. பெயர் மேலாண்மைக் குழு, வேலை ஆலோசனை! வீட்டுக்கு உரியவள் என்று அழைத்து வந்து, திண்ணையிலே உட்கார வைத்த கதை!

எதிர்த்தரப்பு வாதத்தை மறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று. அவர்கள் கூறுவார்கள்: "அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனங்களை நடத்தும் உரிமையைத் தந்திருக்கிறது. அதிலே கைவைக்கலாகாது." மெத்தச் சரி. அந்த உரிமையைக் காப்பதிலே நாம் எவருக்கும் பின்வாங்கியவரல்லர். சிறுபான்மையினர் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டமே பொருந்தாது என்று 2014 மே 6ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை மீண்டும் ஆய்வு செய்யவேண்டும் என 2025இலே இரு நீதிபதிகள் அமர்வு கருத்துரைத்தது. அந்த விவாதம் நீதிமன்றத்திலே நடக்கட்டும். நான் கேட்பது வேறு. மற்ற எல்லா உதவி பெறும் பள்ளிகளும் என்று அந்தத் திருத்தம் சேர்த்ததே, அவை எந்தப் பிரிவின் நிழலிலே ஒதுங்குகின்றன?

"ஏற்கெனவே தாளாளர் இருக்கிறார், 1973ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் சட்டம் முதற்கொண்டு பள்ளிக் குழு இருக்கிறது, ஒரே உறையில் இரண்டு வாளா?" என்பார்கள். வாள் எதற்கு, ஐயா? நாங்கள் கேட்பது வாளன்று, கணக்கு! அப்பள்ளிகளில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் ஆசிரியருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? மக்கள் கருவூலத்திலிருந்து. மக்கள் பணம் சென்ற இடத்திலே, மக்களின் பிள்ளைகள் படிக்கும் இடத்திலே, அந்தப் பணம் குறித்துப் பெற்றோர் கேட்டால் விடை கூறவேண்டும் என்ற ஒரு கடமை போதும். நிர்வாகத்தைப் பிடுங்க வேண்டாம். நிர்வாகம் பேசினால் போதும்.

தென்பாண்டிச் சீமையிலே இது சிறிய கேள்வியன்று. மகமையாலும் பிடி அரிசியாலும் அறக்கொடையாலும் எழுந்த பள்ளிகள் நிறைந்த மண் இது. அந்தப் பள்ளிகளில்தான் பெற்றோர் திண்ணையிலே நிறுத்தப்பட்டிருக்கின்றனர். எந்த மண் ஊரார் கூடிப் பள்ளி நடத்தும் வித்தையைக் கற்பித்ததோ, அந்த மண்ணிலே ஊராருக்கு ஆலோசனை மட்டும்!

இனி இரண்டாவது தடை. இது உதவி பெறும் பள்ளியைப் பற்றியதன்று. முழு அதிகாரம் இருக்கும் அரசுப் பள்ளியைப் பற்றியது. என்னையும் பற்றியது.

என் தாய் தீப்பெட்டி ஆபீசிலே வேலை செய்தவர். ஆலை என்று ஏட்டிலே எழுதுவோம். ஊர் அதை ஆபீசு என்றுதான் அழைக்கும். கட்டை அடுக்கினார், வீட்டுக்கு வந்து டப்பி ஒட்டினார். எத்தனை கட்டை, எத்தனை டப்பி, அத்தனைக்குத்தான் கூலி. அவர் நான் படித்த பள்ளியிலே அடியெடுத்து வைத்தது இரண்டே முறை. என்னைச் சேர்க்க ஒரு முறை. மாற்றுச் சான்றிதழ் வாங்க ஒரு முறை. பிற்காலத்திலே நான் கல்லூரியை இரண்டாம் ஆண்டோடு விட்டு மேடைக்கு வந்தபோதும், ஏன் விட்டாய் என்று கேட்க அவருக்கு நேரம் இருந்ததில்லை. அன்பு இல்லாமலா? பொழுது இல்லாமல்!

2022ஆம் ஆண்டு நமது மாநிலம் முழுவதும் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 20 பேர் கொண்ட குழு. அதில் 15 பேர் பெற்றோர். தலைவர் பொறுப்பு ஒரு தாய்க்கு. பின்னர் 2024இலே மீண்டும் அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவருக்கும் இடம் தரப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். 2022இலே நான் என்ன செய்தேன் தெரியுமா? வெட்கத்தோடு சொல்கிறேன். கிளைக்குப் பட்டியல் போடுவது போலப் பட்டியல் போட்டேன். இவர் நம்மவர், அவர் நம்மவரின் துணைவி, இன்னார் நம் கூட்டத்துக்கு வருபவர் என்று பெயர்களை எழுதிக் கொடுத்தேன். என் தெருவிலே, பட்டாசு ஆலைக்குச் செல்லும் ஒரு சகோதரி, அவ்வாறே தலைவியானார்.

நான் நாடகக்காரன். அதன் பிறகு நடந்ததைக் காட்சியாகவே காட்டிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமைப் பிற்பகல். ஒரு வகுப்பறை. நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கின்றன. தலைமை ஆசிரியை கடிகாரத்தைப் பார்க்கிறார். வந்திருப்பவர்கள் நால்வர். தலைவியின் நாற்காலி காலி.

"தலைவி வரவில்லையா?"

"வேலைக்குப் போயிருக்காங்க டீச்சர்."

தலைமை ஆசிரியை பெருமூச்சு விடுகிறார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பவேண்டும், கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு வேண்டும், மதில் இடிந்து கிடக்கிறது. அவர் என்ன செய்வார்? தீர்மானங்களை எழுதுகிறார்.

இருட்டுகிறது. திரை மாறுகிறது. ஒரு குடிசை வாயில். ஒரு சிறுவன் கையிலே தீர்மானப் புத்தகம். கரிமருந்து மணம் மாறாத கையோடு தலைவி வெளியே வருகிறார். கையைப் புடவையிலே துடைத்துக்கொள்கிறார். காட்டிய இடத்திலே கையொப்பமிடுகிறார். திரை விழுகிறது.

எதற்குக் கையொப்பமிட்டார்? அவருக்குத் தெரியாது! சட்டப்படி அவர் ஆண்டுவிட்டார். உண்மையிலே அவர் ஒப்பமிட்டார், அவ்வளவுதான்.

இது எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். எந்தப் பள்ளியாகவும் இருக்கலாம். நான் அந்தச் சகோதரியைக் கண்டு, "கூட்டத்துக்குப் போகக்கூடாதா, தங்கச்சி?" என்றேன். அவர் சினக்கவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்:

"என் பேரை எழுதிக் குடுத்தீங்க அண்ணே. என் வெள்ளிக்கிழமையை யாரு எழுதிக் குடுப்பா?"

தோழர்களே, எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேரை மடக்கிப் பேசியவன் நான். அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

வெள்ளிக்கிழமை என்றால் என்னவென்று கந்தக பூமியிலே பிறந்தவருக்குத் தெரியும். சனிக்கிழமை கணக்குப் பார்த்துக் கூலி வாங்கும் வீட்டிலே, வெள்ளிக்கிழமைப் பிற்பகலை இழப்பது என்றால் அரிசிக் கணக்கிலே இழப்பது. ஆலை வண்டியிலே சென்றவர், நடுவேளையிலே இறங்கி வரவும் இயலாது. பள்ளி ஊருக்குள்ளே; ஆலை ஊருக்கு வெளியே, காட்டு நடுவே! மாதச் சம்பளக்காரர் விடுப்பெழுதிக் கொடுத்துவிட்டு வருவார். எண்ணிக்கைக் கூலிக்காரர் எதை எழுதிக் கொடுப்பார்?

நீதிமன்றம் ஒருவரைச் சாட்சி சொல்ல அழைத்தால், வந்துபோவதற்குச் சாட்சிப் படி தருகிறது. உள்ளாட்சி மன்ற உறுப்பினர் கூட்டத்துக்கு வந்தால் அமர்வுப் படி உண்டு. நாடாளுமன்ற உறுப்பினருக்கு நாட்படி உண்டு. தவறென்று சொல்லவில்லை, பொதுக்காரியத்துக்கு அழைக்கப்பட்டவன் பட்டினி கிடக்கலாகாது என்பதே அதன் நியாயம். அந்த நியாயம் பள்ளியின் வாயிலிலே மட்டும் ஏன் நின்றுவிடுகிறது? ஒரு தாயை அழைத்து, பள்ளியை ஆள்வாயாக என்கிறது சட்டம். ஆள்வதற்கு அவள் இழக்கும் அரை நாள் கூலியைப் பற்றி 21ஆம் பிரிவிலே ஒரு சொல் இல்லை. அன்று பிடி அரிசி தந்தாள். இன்று அரை நாள் கூலி தரவேண்டும். அன்றும் இன்றும் அவளே கொடுக்கிறாள்!

நம் நாட்டில் மட்டும்தானா இந்த இடர் என்பீர்கள். கடல் கடந்து பாருங்கள். அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரப் பள்ளிகளுக்காக, 1988இலே இல்லினாய் மாநிலம் ஒரு சட்டம் செய்தது. பள்ளிதோறும் ஒரு மன்றம். 6 பெற்றோர், 2 ஊரார், 2 ஆசிரியர், அவர்களோடு பள்ளி முதல்வர். முதல்வரை நியமிக்கும் அதிகாரமே அம்மன்றத்துக்கு! 1995இலே சட்டம் திருத்தப்பட்டது. நகர மேயர் நியமிக்கும் குழுவின் கைக்குப் பேரதிகாரம் சென்றது. தேர்ச்சி குறைந்த பள்ளிகளிலே மன்றங்களின் கை கட்டப்பட்டது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுக்கும் கலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று! ஆயினும் அதே மாநிலத்திலே மற்றொரு சட்டமும் உண்டு. பிள்ளையின் பள்ளிக்குச் சென்றுவர, வேலை செய்யும் பெற்றோருக்குக் கல்வியாண்டிலே 8 மணி நேரம் வரை முதலாளி விடுப்புத் தரவேண்டும் என்கிறது அது. அந்த நேரத்துக்குக் கூலி தரவேண்டுமென்று அது சொல்லவில்லை, குறைதான். ஆனால், பெற்றோருக்குப் பொழுது வேண்டும் என்ற உண்மையையாவது அந்தச் சட்டம் அறிந்திருக்கிறது.

நாம் கேட்பது என்ன? மூன்றே மூன்று.

முதலாவது, கூட்டத்தின் நேரம். ஆலைகள் நிறைந்த ஊர்களிலே ஞாயிற்றுக்கிழமையோ, வேலை முடிந்த மாலையிலோ கூட்டம் நடத்தக் குழுவுக்கே உரிமை வேண்டும். ஆசிரியருக்கும் ஓய்வு வேண்டுமே என்று கேட்பீர்கள். ஈடாக வேறொரு நாள் விடுப்பு அவர்களுக்கு வழங்கட்டும். ஒருவரின் உரிமையைக் கொடுத்து மற்றவரின் உரிமையை வாங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, படி. வேலை நாளிலே கூடினால், கூலியை இழந்து வரும் பெற்றோருக்குச் சாட்சிப் படி போல ஒரு படி. இந்த இரண்டுக்கும் தில்லிக்குப் போகவேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தந்திருக்கிறது. எந்தக் கட்சி கோட்டையில் இருந்தாலும், நாம் இருந்தாலும், மற்றவர் இருந்தாலும், இது கோட்டையிலே முடியும் காரியம். நம்மவர் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டு, மற்றவர் வந்ததும் கேட்பது கொள்கையாகாது!

மூன்றாவது, 2012இன் அந்த வரம்பு. மற்ற உதவி பெறும் பள்ளிகளிலே, அரசுப் பணத்தின் கணக்கைக் கேட்கும் உரிமையாவது பெற்றோருக்குத் திரும்பவேண்டும். இதற்கு நாடாளுமன்றம் திருத்தவேண்டும். அல்லது நமது சட்டமன்றம் திருத்தம் இயற்றி, 254ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறவேண்டும். ஏன் இந்தச் சுற்றுவழி? 1976இலே 42ஆம் திருத்தம், கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப்பட்டியலிலே வைத்துவிட்டது. ஒரு திருத்தங்கல் தாயின் கேள்வி தில்லி வரை நடக்க வேண்டியிருக்கிறதென்றால், அந்த நெடுவழியைப் போட்டவர் யாரென்று நினைவில் வையுங்கள்.

இனி உங்களுக்குச் சொல்லவேண்டியது. ஆட்சியாளரிடம் கேட்பது எளிது. நம்மிடமே கேட்பதுதான் கடினம்.

குழுவைக் கிளையாக்காதீர்கள், தோழர்களே! நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். அந்த வகுப்பறையிலே நம் கொடிக்கு இடமில்லை. எவர் கொடிக்கும் இடமில்லை. எதிர்க்கட்சிக்காரரின் பிள்ளையும் அதே தண்ணீர்க் குழாயிலேதான் குடிக்கிறது. நம் பட்டியலிலே இல்லாத தாய், பள்ளியைப் பற்றி நன்றாகக் கேள்வி கேட்பாரானால், அவரே தலைவியாகட்டும். நாம் வாயிலிலே நின்று வாழ்த்துவோம்.

அப்படியானால் நமக்கு வேலை என்ன? தீர்மானப் புத்தகத்தை, கையொப்பமிடும் முன் அந்தத் தாய்க்குப் படித்துக் காட்டுங்கள். பள்ளிக்கு இவ்வளவு மானியம் வந்தது, இன்னதற்குச் செலவானது என்று அவர் கேட்கும்படி கணக்கை விளக்குங்கள். கூட்டத்தன்று அவருக்காக அடுப்பைக் கவனிக்க, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். முதலாளியிடம் சென்று, மாதத்தில் ஒரு பிற்பகல் கூலியோடு விடுங்கள் என்று கேளுங்கள். நம் கட்சிக்கு நன்கொடை கேட்கப் போகும் அதே வாயிலுக்கு, இதற்காகவும் ஒரு முறை போங்கள்! நான் தொடக்கத்தில் கேட்ட அந்த ஒரு பிற்பகல் இதற்காகத்தான்.

இந்த மண்ணின் கதை உங்களுக்குத் தெரியும். தீக்குச்சி அடுக்கிய பிஞ்சு விரல்களைப் பற்றி நாடே பேசியது. 1986இலே தடைச் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்த வழக்கிலே 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது. அந்தக் குடும்பத்திலே பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித்தரவேண்டும், இயலாவிட்டால் 5,000 ரூபாய் தன் பங்காகச் செலுத்தவேண்டும் என்றது. 2016இலே சட்டம் மேலும் இறுகி, 14 வயதுக்குட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தலாகாது என்றாயிற்று. குடும்பத் தொழிலுக்கு ஒரு சந்து திறந்தே விடப்பட்டது. ஆலையிலிருந்து குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டுவர இத்தனை சட்டம், இத்தனை தீர்ப்பு, இத்தனை ஆண்டு!

குழந்தை வந்துவிட்டது. ஆனால், தாய் இன்னும் ஆலையிலேயே இருக்கிறார். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். அதன் கூலியையும் தன் கையாலே ஈடுகட்டுபவர் அவர்தான். அந்தப் பள்ளி எப்படி நடக்கவேண்டும் என்று சொல்ல அவரைவிட உரிமை படைத்தவர் யார்?

தங்கால் சிறுவன் படித்துப் பெற்ற பரிசைக் கண்டு, ஏழை வீட்டிலே இது இருக்கவே இருக்காது என்றனர் அன்றைய ஏவலர். பள்ளியை ஆளும் உரிமை கூலிக்காரியின் கையிலா, இருக்கவே இருக்காது என்று சொல்லாமல் சொல்கிறது இன்றைய வெள்ளிக்கிழமை. அன்று கார்த்திகை அழுதாள், விதி மாறிற்று. இன்றைய தாய் அழவில்லை. சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியை உங்கள் கையிலே தந்துவிட்டேன்.

உங்கள் ஊர்ப் பள்ளியிலே அடுத்த கூட்டம் என்றைக்கு என்று நாளைக் காலை கேட்டு வாருங்கள். தலைவி யாரென்று கேளுங்கள். அவர் வேலைக்குச் செல்பவரானால், அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். பட்டியலோடு செல்லாதீர்கள்; அவர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு வெற்றுத் தாளோடு செல்லுங்கள்.